நாற்பத்தெட்டு வோல்ட்

அத்தியாயம் 11

மூன்று மணிப் படகில் சஹ்ராவியை ஏற்றிவிட்டால் கதை முடிந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் சுரபாயாவில் நீதிமன்றம், நீதிமன்றத்துக்குப் பின்னால் சிறை. ஐந்து வருஷத்துக்குக் குறையாது என்று மதுராத் தீவின் காமால் கரை முழுக்கப் பேச்சாக இருந்தது. இப்போது மணி பன்னிரண்டரை. துப்பறியும் ஹார்தினி கப்பல் உடைக்கும் முற்றத்தின் நடுவே கவிழ்த்துப் போட்ட பீப்பாயின் மேல் ஏறி நின்று, கம்பத்தில் இருந்த ஒரு சுவிட்சைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இபு, அரை மணி நேரமா அதையே பாக்குறீங்க. சம்பந்தம் பேசி முடிச்சிடலாமா?" என்றான் ஜுமாலி.

ஜுமாலி முன்பு மினி பஸ் ஓட்டியவன். பயணிகள் அவனுடைய ஓட்டத்தைப் பொறுத்துக்கொண்டார்கள், வாயைப் பொறுக்கவில்லை. அதனால் வேலை போய், ஆறு வருஷமாக ஹார்தினியிடம் உதவியாளன். அவரை இபு, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவான். அவனுக்குப் பசி. கம்பத்தில் ஒரு தூக்குச்சட்டி தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, யாரோ புண்ணியவான் சாப்பாடு மாட்டியிருக்கிறான் என்று கையை நீட்டினான். ஹார்தினி அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டார். சட்டியின் மூடி ஓரத்தில் எறும்பு மொய்த்துக் காய்ந்து கிடந்ததை அப்புறம்தான் கவனித்தான். ஒன்பது நாள் சோறு என்றால் அப்படித்தான் இருக்கும்.

ஒன்பது நாளைக்கு முன்னால் இதே இடத்தில்தான் கிரேன் ஓட்டும் ஹோஸ்னான் செத்தான்.

கிரேனில் கொக்கிக்குப் பதில் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு மின்காந்தம் தொங்கும். உள்ளே முழுக்கச் செம்புக் கம்பிச் சுருள். நான்கு லாரி பாட்டரி, நாற்பத்தெட்டு வோல்ட். பாட்டரியிலிருந்து கம்பத்துச் சுவிட்ச், சுவிட்சிலிருந்து கிரேன் அடியில் ஒரு தகரப் பெட்டி, பெட்டியில் இரண்டு பித்தளைத் திருகு, அங்கிருந்து காந்தம். சுவிட்சைப் போட்டால் கப்பல் தகட்டைக் கவ்வும், இறக்கினால் விட்டுவிடும். அவ்வளவுதான் சங்கதி.

அந்தத் திருகுகளை இந்த முற்றத்து ஆட்கள் சும்மா விடுவதில்லை. பாட்டரி இளைத்தால் காந்தம் தகட்டை நழுவ விடும். அதைத் தெரிந்துகொள்ள மீட்டர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கண்ணாடிக்குள் ஆடும் முள்ளை நம்ப இவர்கள் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளா. உள்ளங்கையை உப்புத் தண்ணீரில் நனைத்து, திருகுக்கு ஒரு கையாக இரண்டையும் பிடித்துப் பார்ப்பார்கள். சுறுசுறுவென்று கூச்சம் இருந்தால் பாட்டரி நன்றாக இருக்கிறது. கூச்சம் குறைந்தால் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஹோஸ்னான் ஒரு நாளைக்குப் பத்து முறை பிடிப்பான். இருபது வருஷமாக யாருக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை.

ஹோஸ்னான் செத்த மறுநாள், சுவிட்ச் பெட்டிக்குள், முற்றத்துக் கொட்டகைக்கு விளக்குக்காக வந்த இருநூற்றிருபது வோல்ட் கம்பி காந்தத்தின் கம்பியோடு முறுக்கிக் கிடந்ததைப் போலீஸ் கண்டுபிடித்தது. அந்த முற்றத்தில் கம்பி வேலை செய்தவன் சஹ்ராவி. ஹோஸ்னானின் மச்சினன். ஆளைக் கொன்றது மச்சினனின் அலட்சியம் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

ஹோஸ்னானின் மனைவி மிஸ்னாத்தி நான்காம் நாள் படகேறி ஹார்தினியைத் தேடி வந்தாள். அழக்கூட இல்லை. "புருஷன் போயிட்டார். தம்பியும் போயிட்டா எனக்குன்னு சொல்ல ஆளில்ல. அவன் செய்யலன்னு மட்டும் காட்டிக் குடுங்க" என்றாள். அவள் இப்போது வாசல் பக்கம் நின்ற போலீஸ் ஜீப்புக்கு அருகில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜீப்புக்குள் கைவிலங்கோடு தம்பி.

காலையில் வரும்போது ஹார்தினி ஜுமாலிக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார். அன்று சுவிட்சை இறக்கியது யார் என்ற பேச்சை மட்டும் எவரிடமும் எடுக்கக் கூடாது, அவரிடமும் எடுக்கக் கூடாது. ஏன் என்று கேட்டான். அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். போலீஸ் அறிக்கையிலும் அந்தப் பெயர் இல்லை. "சுவிட்ச் இறக்கப்பட்டது. தகடு விழுந்தது. ஹோஸ்னானும் விழுந்தான்." மூன்றே வாக்கியம்.

ஒரு மணிக்குப் போலீஸ் அதிகாரி வந்தார். காளைப் பந்தயப் பைத்தியம் என்று பெயர் எடுத்தவர். கூடவே முற்றத்து மேஸ்திரி புசிரி. வழுவழுப்பான சட்டை, வழுவழுப்பான பேச்சு. கப்பல்களின் மின் அறையில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கரைக்கு வந்தவன். மூன்று மாசத்துக்கு முன் எண்ணெய் கழுவாத தொட்டிக்குள் இரண்டு பேரை வெல்டிங்குக்கு இறக்கினான், அவர்கள் உள்ளேயே வெந்து செத்தார்கள். அதைப் பற்றிச் சாட்சி சொல்ல ஹோஸ்னான் ஒத்துக்கொண்டிருந்தான். சாட்சி சொல்லும் திங்கட்கிழமைக்கு முந்தைய வியாழனில் செத்துப்போனான்.

ஹார்தினி கேட்டது ஒன்றே ஒன்று. போலீஸ் கண்டுபிடித்தபடியே கொட்டகைக் கம்பியைக் காந்தத்துக்குக் கொடுங்கள், அந்தத் தகட்டைத் தூக்கிக் காட்டுங்கள். பாட்டரியைக் கழற்றிவிட்டு அப்படியே செய்தார்கள். காந்தம் தகட்டின் மேல் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் தேனீக் கூட்டைக் கலைத்தது போல ரீங்காரம் கிளம்பியது. கிரேன் மேலே இழுத்தது. காந்தம் மட்டும் உயர்ந்தது. தகடு தரையை விட்டு அசையவில்லை.

"இருநூத்தி இருபது சாப்பிட்டும் இவ்வளவுதான் தெம்பா?" என்றான் ஜுமாலி.

மறுபடி பாட்டரியை மாட்டினார்கள். சத்தமே இல்லை. தகடு குழந்தை மாதிரி காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு மேலே போனது.

அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பெரிய வோல்ட் தோற்று, சின்ன வோல்ட் ஜெயிப்பது அவருக்குப் பிடிபடவில்லை.

"பந்தயக் காளைய நெனச்சுக்குங்க, பாக்," என்றார் ஹார்தினி. அங்கே பாக் என்றால் ஐயா. "பாட்டரி கரண்ட் ஒரே பக்கமா ஓடுற கரண்ட். மொதல்ல காளை கெளம்ப கொஞ்சம் மொரண்டு பிடிக்கும். கெளம்பிட்டா அப்புறம் தடையே கெடையாது, நேரா ஓடும். கொட்டகைக் கரண்ட் அப்படி இல்ல. ஒரு செகண்டுக்கு நூறு தடவ முன்னாடி பின்னாடின்னு திசை மாறும். கயித்த முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவன்னு நீங்க நூறு தடவ இழுத்தா காளை ஒரு அடி எடுத்து வைக்குமா?"

"வைக்காது. என் கைதான் போகும்," என்றார் அதிகாரி.

"இந்தச் சுருளும் அப்படித்தான். திசை மாறுற கரண்ட உள்ளயே விடாது. கரண்ட் இல்லாத காந்தம் தகட்டத் தூக்காது. ஆனா அன்னைக்கு சுவிட்ச இறக்குற வரைக்கும் தகடு தொங்கிட்டுத்தான் இருந்துச்சு. நீங்களே எழுதியிருக்கீங்க."

ஜீப்புக்குள் விலங்குச் சத்தம் கேட்டது. சஹ்ராவி எழுந்து நின்றிருந்தான். ஹோஸ்னான் செத்த நேரத்தில் காந்தத்தில் இருந்தது பாட்டரி மட்டும்தான், கொட்டகைக் கம்பியைப் பிற்பாடு யாரோ முறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஹார்தினி சொல்லி முடித்தபோது அதிகாரி தன் அறிக்கையைத் தானே ஒரு முறை படித்துப் பார்த்துக்கொண்டார்.

புசிரி மட்டும் சிரித்தான். "நல்லா இருக்கு, இபு. அப்போ நாப்பத்தெட்டு வோல்ட்டா ஒரு ஆம்பளையக் கொன்னுச்சு? பச்சப்புள்ள பிடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. நானே தெனம் பிடிக்கிறேன்."

அவன் சொன்னது உண்மைதான். கெட்டிக்காரத்தனமாகக் காளையை ஓட்டிக்கொண்டு வந்து இபு சுவரில் முட்டிவிட்டாரே என்று ஜுமாலியே நினைத்தான். மணி ஒன்றே முக்கால்.

ஹார்தினி உதவியாளனைப் பார்த்தார். "ஜுமாலி, கைய நனைச்சுட்டுப் போய்ப் பிடி."

"இபு, என் சம்பளத்துல இது இல்ல."

"பிடி."

ஆட்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். ஜுமாலி கையை நனைத்துக்கொண்டு, தெரிந்த துவாவை எல்லாம் முணுமுணுத்து, இரண்டு திருகையும் பிடித்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். தகட்டைத் தரையில் வைத்துவிட்டு இறக்கியிருந்த சுவிட்சை யாரோ மறுபடி போட்டார்கள். உள்ளங்கையில் எறும்பு ஊர்வது போல ஒரு கூச்சம், அவ்வளவுதான். பயந்த பயத்துக்கு இது போதாதே என்று அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. கையை எடுத்துவிடு என்றார் ஹார்தினி. எடுத்துவிட்டான். தகடு மறுபடி மேலே போனது.

"இப்ப நீங்க, மேஸ்திரி. தெனம் பிடிக்கிறவர் எப்படிப் பிடிப்பார்னு அதிகாரி பாக்கட்டும்."

புசிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். கையை நனைத்து, சுவிட்ச் போட்டிருக்கும்போதே, எட்டத்தில் தகடு தொங்கும்போதே, இரண்டு திருகையும் பிடித்துக்கொண்டு நின்றான். பல் தெரியச் சிரித்தான். முற்றத்து ஆட்கள் கை தட்டினார்கள்.

"ஜுமாலி, போய் சுவிட்ச இறக்கு," என்றார் ஹார்தினி.

ஜுமாலி கம்பத்தை நோக்கி நடந்தான். ஐந்து அடி வைத்திருப்பான். கைப்பிடியைத் தொடக்கூட இல்லை, தொட நினைத்துக் கையைத் தூக்கினான். பின்னால் தடால் என்று சத்தம். புசிரி திருகுகளை விட்டுவிட்டுப் பின்னால் தாவி, பீப்பாயில் இடித்துக் கீழே விழுந்து கிடந்தான்.

கை தட்டியவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"என்ன மேஸ்திரி? இங்க எல்லாரும் சுவிட்ச போடும்போதுதான் பயப்படுறாங்க. இவனப் பாருங்க, கண்ண மூடிட்டு நின்னான். நீங்க மட்டும் ஏன் இறக்கும்போது பயந்தீங்க?" ஹார்தினி அவனை எழுப்பக் கை கொடுக்கவில்லை.

புசிரி கால் வழுக்கியது என்றான். ஹார்தினி அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் அதிகாரிக்குச் சொன்னார். ஓடுகிற காளையைக் கிளப்புவதைவிட நிறுத்துவது கஷ்டம். திடீரென்று குறுக்கே கதவைச் சாத்தினால் கதவோடு சேர்த்து முட்டித் தள்ளும். சுருளில் ஓடும் கரண்டும் அப்படித்தான். சுவிட்சை இறக்கியதும் நிற்காது. அந்த நொடியில் நாற்பத்தெட்டு வோல்ட் ஆயிரக்கணக்கில் எகிறிவிடும், எந்த வழி கிடைக்கிறதோ அந்த வழியாகப் பாயும். அதனால்தான் அந்தத் தகரப் பெட்டிக்கு அடியில் டயோடு என்று, கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் சின்னச் சாமான் ஒன்று வைத்திருப்பார்கள். சுவிட்சை இறக்கியதும் கரண்ட் அதற்குள் சுற்றிச் சுற்றி வந்து களைத்து அடங்கிவிடும். இந்த முற்றத்தில் இருபது வருஷமாக அது இருந்தது, அதனால் ஒருவர் கையும் சுடவில்லை. பெட்டிக்கு அடியில் எல்லா இடத்திலும் துரு, இரண்டே இடத்தில் மட்டும் காசு அளவுக்குத் துரு இல்லாத வட்டம். அங்கே இருந்ததை யாரோ கழற்றியிருக்கிறார்கள். அன்று அந்தக் கரண்டுக்குக் கிடைத்த வழி ஹோஸ்னானின் நெஞ்சு. மிச்சம் சுவிட்சில் பாய்ந்து, அதன் கத்தி போன்ற செம்புப் பட்டையின் நுனியை மணியாக உருக்கியிருக்கிறது. அதைத்தான் அரை மணி நேரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரிக்கு முகம் வெளுத்தது. "இவர் கைய எடுக்காம இருந்திருந்தா? என் கண்ணு முன்னாடியே ஒரு சாவா?"

"இல்ல பாக். காலைல ஏழு மணிக்கே ஜுமாலி காந்தத்துப் பக்கம் புது டயோடு ஒண்ணு மாட்டிட்டான். கொட்டகைக் கரண்டுக்கு மட்டும் கழட்டிட்டு, பாட்டரியோட திரும்ப மாட்டினான். என்னன்னு அவனுக்கே தெரியாது. மேஸ்திரிக்கும் தெரியாது. இல்லன்னு தெரிஞ்சவருக்குத்தான பயம்."

பழைய டயோடு எங்கே என்று அதிகாரி கேட்டார். ஹார்தினிக்கு அதைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நம் மதுரா இரும்புக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. மகன் கல்யாணத்தில்கூட ஆணியைப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போடுவான். கொலைக்குப் பயன்பட்டதைக் கடலில் எறி என்றால் எறிய மனசு வருமா. இரும்பை இரும்போடு, பித்தளையைப் பித்தளையோடு, செம்பைச் செம்போடு. டயோடின் அடிக்கட்டை செம்பு. புசிரியின் அறையில் செம்புத் துண்டு போடும் பிஸ்கட் டின்னைப் போலீஸ்காரர் கவிழ்த்தார். பொடிக் கம்பிகளுக்கு நடுவே அது உருண்டு வந்து நின்றது. துருவில்லாத வட்டத்தில் வைத்துப் பார்த்தார்கள், கச்சிதமாக உட்கார்ந்தது.

ஜுமாலிக்குத் தலைகால் புரியவில்லை. மணி இரண்டேகால்தான், படகு வர இன்னும் நேரம் இருக்கிறது, கேஸ் முடிந்துவிட்டது. சுற்றிலும் ஐம்பது பேர் வாய் பிளந்து நிற்கிறார்கள். இப்படி ஒரு கூட்டம் மினி பஸ் ஓட்டிய காலத்துக்குப் பிறகு அவனுக்குக் கிடைத்ததில்லை.

"அப்புறம் என்ன பாக்," என்று குரலை உயர்த்தினான். "ஒரு விலங்கு பத்தாது, ரெண்டா எடுங்க. கழட்டினவன் இவன். அன்னைக்கு அந்த சுவிட்ச இறக்கின புண்ணியவான் எவனோ அவனையும் சேத்துக் கட்டுங்க. ஹோஸ்னானக் கொன்னது அந்தக் கைதான."

யாரும் சிரிக்கவில்லை. ஹார்தினி கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் காலையில் போட்ட கட்டளை ஜுமாலிக்கு ஞாபகம் வந்தது. கம்பத்தில் தொங்கும் தூக்குச்சட்டியைப் பார்த்தான். தினமும் மத்தியானம் புருஷனுக்குச் சோறு கொண்டு வருகிறவள், வெயிலுக்கு எங்கே ஒதுங்குவாள், சட்டியை எங்கே மாட்டுவாள் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் அவன் மண்டைக்குள் வந்து விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டால் சொன்னது திரும்பிவிடுமா.

மிஸ்னாத்தி எழுந்து நின்றிருந்தாள்.

"நான்தான் இறக்கினேன்," என்றாள்.

புசிரிக்கு முகத்தில் களை வந்துவிட்டது. விழுந்த இடத்திலேயே சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டான். "கேட்டுக்குங்க, பாக். நான் சுவிட்ச் பக்கமே போகல. புருஷனுக்குக் கரண்ட் பிடிச்சிருச்சு, இறக்கு இறக்குன்னு கத்தினேன். கத்தினது குத்தமா? ஓடிப்போய் இறக்கினது அவ. அதுவும் எவ்வளவு வேகமா இறக்கினாங்கிறீங்க. மெதுவா இறக்கியிருந்தாக்கூடப் பொழச்சிருப்பான்."

ஜீப்பிலிருந்து சஹ்ராவி கத்தினான். போலீஸ்காரர் அவனை அழுத்தி உட்கார வைத்தார். ஹார்தினி மிஸ்னாத்தியிடம் போய்த் தோளைத் தொட்டார். அந்தப் பெண் தோளை நகர்த்திக்கொண்டாள்.

அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் படித்தவர். டயோடு கிடைத்துவிட்டது, சரி. ஆனால் சுவிட்சை இறக்கும்முன் ஹோஸ்னான் நன்றாக இருந்தான் என்று கண்ணால் பார்த்தவர் சொல்லாவிட்டால், கரண்ட் ஏற்கெனவே பிடித்திருந்தது என்று புசிரியின் வக்கீல் சாதித்துவிடுவார், சஹ்ராவி உள்ளேதான் இருக்க வேண்டும் என்றார். அன்று மற்ற ஆட்கள் எல்லாம் கப்பலுக்குள் இருந்தார்கள். கிரேன் பக்கம் நின்றது மூன்றே பேர். ஒருவன் செத்துவிட்டான், ஒருவன் புசிரி.

"நல்லா இருந்தார்," என்றாள் மிஸ்னாத்தி. "சட்டிய மாட்டிட்டுத் திரும்பினேன். திருகப் பிடிச்சுட்டே என்னப் பாத்தார். சிரிச்சார். அப்போ இவன் கத்தினான். சிரிக்கல, வலில பல்லக் கடிக்கிறார்னு நெனச்சுட்டேன். ஒம்பது நாளா அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். சிரிச்சாருன்னு எனக்கே நான் சொல்லிக்கல."

போலீஸ் எழுத்தர் எழுதிக்கொண்டே வந்தவர், சிரித்ததை எழுத வேண்டுமா என்று கேட்டார். மனைவியைப் பார்த்துப் புருஷன் சிரிப்பதெல்லாம் வாக்குமூலத்தில் எதற்கு என்பது அவர் யோசனை.

"அதத்தான் எழுதணும்," என்றார் ஹார்தினி. "அது இல்லன்னா இவ தம்பி வெளிய வர முடியாது."

எழுதினார்கள். மைப்பெட்டியை நீட்டி, இடது கட்டைவிரல் என்றார் எழுத்தர். மிஸ்னாத்தி வலது கையை நீட்டினாள். இடது என்று மறுபடி சொன்னார்.

"இதுலயே வாங்கிக்குங்க. இதாலதான் இறக்கினேன்."

எழுத்தர் அதிகாரியைப் பார்த்தார், அதிகாரி தலையாட்டினார். ரேகை காகிதத்தில் நன்றாகவே விழுந்தது.

சஹ்ராவியின் கையிலிருந்த விலங்கைக் கழற்றிப் புசிரிக்குப் போட்டார்கள். மூன்று மணிப் படகு சங்கு ஊதியது. ஜீப்பில் ஏறுமுன் புசிரி மிஸ்னாத்தியின் அருகில் ஒரு நிமிஷம் நின்றான். வேற யாராவது பக்கத்துல இருந்தாலும் உன்னத்தான் கூப்பிட்டிருப்பேன், நீதான் ரொம்பப் பாசமா ஓடுவேன்னு தெரியும் என்று தாழ்ந்த குரலில் சொன்னான். ஜுமாலி காதில் அது விழுந்தது. அறையலாம் என்று கையை ஓங்கினான். போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார்.

தம்பி ஓடி வந்து அக்காளின் கையைப் பிடிக்கப் போனான். மிஸ்னாத்தி மை பட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையைக் கொடுத்தாள். அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதான். அவள் அவன் தலைக்கு மேல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் கம்பத்துக்குப் போய், எக்கி, இடது கையாலேயே தூக்குச்சட்டியைக் கழற்றினாள். பிடி துருவில் சிக்கிக்கொண்டு வரவில்லை. ஜுமாலி பக்கத்தில் போய்க் கழற்றிக் கொடுத்தான். என்னவாவது சொல்ல வேண்டும், தெரியாமல் பேசிவிட்டேன் என்றாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

மிஸ்னாத்தி சட்டியை வாங்கிக்கொண்டாள். மூடியில் ஒட்டியிருந்த செத்த எறும்புகளைப் முக்காட்டின் நுனியால் துடைத்தாள்.

"நீங்க சொன்னது சரிதான், அண்ணே," என்றாள். தம்பியைக் கூட்டிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.